வீட்டுக்குச் சொன்ன கல்

"வலிக்குதா?" என்று அன்றைக்கு அவள் கேட்டாள்.

"இல்ல."

"அப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"குளிக்கும்போது கை பட்டுச்சு. ஒரு பக்கம் கெட்டியா இருக்கு."

"எப்பலேருந்து?"

கணவன் சுவரைப் பார்த்தான். "கொஞ்ச நாளா."

டயர் தொழிற்சாலையில் அவன் வேலையே அதுதான். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு டயரின் மேலும் விரலை ஓட்டுவான்; மிளகளவு புடைப்பு தட்டினாலும் தள்ளிவிடுவான். தன் உடம்பில் தட்டியதை மட்டும் மாதக்கணக்கில் பாஸ் செய்துகொண்டிருந்தான்.

அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ஆயின. வலப்பக்க விதையில் புற்றுநோய், அடிவயிற்றோரம் கீறி அந்த ஒன்றை எடுத்துவிட வேண்டும், பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிவிடும் என்றார் டாக்டர். இதை வீட்டில் எப்படிச் சொல்வது? பட்டதாரிகள் நிறைந்த அந்தக் குடும்பத்தில் யார் வாயிலும் வராத உறுப்பு அது. கிட்னியில் கல் என்று சொல்லிவிட்டான்.

கல்லுக்கு இருக்கிற மரியாதையே தனி. அண்ணன் கேன் கேனாகத் தண்ணீர் இறக்கினான். சின்ன அத்தை தினமும் போன் செய்து, குடித்தானா குடித்தானா என்று விசாரித்தாள். இரண்டு முறை கல் கண்ட அப்பா, மகனும் தன் வழிக்கு வந்ததில் உள்ளூரப் பூரித்துப்போனார். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியாமல் கிடந்தவனிடம், தன் கல் இதைவிடப் பெரியது என்று சொல்லிவைத்தார்.

தையல் ஆறியபின் டாக்டர் வரச்சொன்னபோதும் அப்பா அவர்கள் இருவர் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டார். கல்லைப் பாட்டிலில் போட்டுத் தருவீர்களா என்று கேட்டார்.

டாக்டர் நிமிர்ந்தார். கல் எதுவும் இல்லை, எடுத்தது வலப்பக்க விதை, நோய் வயிற்று நிணநீர் முடிச்சுகளுக்குக் கொஞ்சம் பரவியிருப்பதால் அடுத்த வாரம் கீமோதெரபி தொடங்க வேண்டும் என்று, பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னார். அப்பா தன் செருப்பை ஆராயத் தொடங்கினார்.

"இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மருந்துல விந்தணு குறையலாம், திரும்ப வராமலும் போகலாம். குழந்தை வேணும்னா முன்னாடியே சாம்பிள் கொடுத்து, உறைய வெச்சு சேமிச்சிடணும். நாளைக்கே செய்யலாம்."

கணவன் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தான். காது சிவந்தது. "அதெல்லாம் வேணாம் டாக்டர். எங்களுக்கு இப்ப அந்த யோசனை இல்ல."

கல்யாணமான புதிதில் அவள் குழந்தை பற்றிக் கேட்க வாயெடுத்தபோது, முதலில் வீடு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அடக்கிவிட்டான். வீடு வந்தது, கார் வந்தது, பதவி உயர்வும் வந்தது. அவன் சொன்ன அடுத்த வருஷம் மட்டும் வரவில்லை. விசேஷம் உண்டா என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் சிரித்து மழுப்பியவள் அவள்தான்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "அப்ப வேணாம்னு எழுதிக்கட்டுமா?"

மாமனார் மெல்ல எழுந்து கதவுப் பக்கம் நகரப் பார்த்தார்.

"இருங்க மாமா, நீங்களும் கேட்டுக்கோங்க" என்றாள் அவள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் குழந்தை வேணும். உங்க குழந்தை. நாளைக்குக் காலையில போய்க் கொடுத்துட்டு வாங்க."