லாக் ஆஃப் ஆக ஒன்பது நிமிடம்

1

"இதை மட்டும் எழுதிடாதீங்க அத்தான்" என்று என் மனைவியின் தம்பி கேட்டுக்கொண்ட அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆகவே முதல் வெட்கம் என்னுடையது. அவனுடையது இனிமேல் வருகிறது. ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஐந்து மணிக்குப் பிறகு அந்த அறையில் ஒரே ஒரு திரை மட்டும்..." (வேண்டாம். பேய்க்கதை வாடை அடிக்கிறது.)

2

நேராகவே சொல்லிவிடுகிறேன். பதிவுப் பிரிவில் ஓர் அம்மா. மற்றவர்கள் லாக் ஆஃப் கொடுத்தால் பத்து நொடியில் திரை அணையும். அவளுக்கு ஒன்பது நிமிடம். திரை அணையாமல் சீட்டை விட்டு எழக்கூடாது என்பது அங்கே விதி. வீட்டில் பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவர். பார்த்துக்கொள்ளும் பெண் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள். ஒன்பது நிமிடத்தில் ஒரு பஸ் போய்விடும்.

மூன்று முறை புகார் சொன்னாள். மூன்றாம் முறைதான் இவன் போய் அவள் திரையை எட்டிப் பார்த்தான். பதினெட்டு ஒலிப்பதிவுகள் இருந்தன.

"கண்டதையும் ஏத்தி வச்சா எப்படி மேடம் வேகமா போகும்? ஆபீஸ் மெஷின் என்ன உங்க வீட்டுப் பரணா?"

பிரிவே சிரித்தது.

[இந்த இடத்தில் அவனைக் கொஞ்சம் நல்லவனாக்கப் பார்த்தேன். அன்று அவனுக்குத் தலைவலி என்று எழுதினேன். பிறகு அவனையே கேட்டேன். தலைவலி இல்லையாம்.]

3

ஒரு மணி நேரத்தில் காரணம் கிடைத்தது. வெளியேறும்போது ஒவ்வொருவர் ஃபைல்களும் சர்வரில் நகலாக வேண்டும் என்று அவனே எழுதி வைத்த கட்டளை. பழைய சர்வரைக் கழற்றியபோது எல்லார் பெயரையும் புதியதற்கு மாற்றியவன், இவள் பெயரை விட்டுவிட்டான். இல்லாத சர்வரின் பதிலுக்காக அவள் மெஷின் தினமும் காத்துக்கிடந்தது. திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி. திருத்தினான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் அவளே தேடி வந்தாள்.

"நீங்க சொன்னது சரிதான் தம்பி. எல்லாத்தையும் அழிச்சு, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். சட்டுனு அணைஞ்சிடுச்சு. நேத்து பஸ் கிடைச்சுது."

"பாட்டா மேடம் அதெல்லாம்?"

"இல்ல. அவர் கப்பல்ல வேலை பார்த்தப்ப பேசி அனுப்பினது. இப்ப பேச்சு வர்றதில்ல, அதான் வச்சிருந்தேன்."

நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

4

கழற்றிய சர்வர் சாமான் அறையில் கிடந்தது. நான்கு நாள் அதனோடு மல்லுக்கட்டிப் பதினாறு பதிவுகளை மீட்டான். கடைசி இரண்டும் சர்வரைக் கழற்றிய பிறகு அவள் மெஷினில் ஏற்றியவை. அவற்றுக்கு நகல் எங்கும் இல்லை.

முடிவு அ: பென் டிரைவை நீட்டி, "எப்படியோ கிடைச்சுது மேடம்" என்று சொல்லி, இரண்டாம் முறையும் நன்றி வாங்கிக்கொள்கிறான். (இப்படித்தான் செய்ய நினைத்திருந்தானாம்.)

முடிவு ஆ: அவள் அழ, அவன் அவள் காலில்... (சீ.)

நடந்தது இது. அவள் மேஜைப் பக்கம் குனிந்து, பக்கத்து சீட்டுக்குக் கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொன்னான்: பெயர் விட்டுப்போனது, தெரிந்தும் மறைத்தது, இரண்டு பதிவுகள் இனி திரும்ப வராதது.

அவள் பென் டிரைவைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"கடைசி ரெண்டுதான் இல்லையா?"

"ஆமா மேடம்."

"அன்னைக்கு எல்லாருக்கும் கேக்குற மாதிரிதானே சொன்னீங்க தம்பி. இதையும் அப்படியே சொல்லுங்க."

5

அதற்குப் பிறகு என்ன செய்தான் என்று அவன் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டான். நானும் துருவவில்லை.

"பிரிவின் நடுவில் போய் நின்று, தொண்டையைச் செருமி..." என்று எழுதினேன். அடித்தேன். "தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன் அறைக்கு..." என்றும் எழுதிப் பார்த்தேன். அதையும் அடித்தேன். முதல் வரியை எழுதும்போது அவனைப் புகழ்கிறேன். இரண்டாவதில் என்னைக் காப்பாற்றிக்கொள்கிறேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் அவனை நிறுத்திவிட்டு நான் போகிறேன். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் தலைநிமிர்ந்து பார்க்கிறார்கள். அடுத்த வாக்கியம் உங்களுடையது. சொல்லுங்கள், கொஞ்சம் சத்தமாக.