வீட்டுக்கு ஓட்டுத் தையல்

புது வீடு எழும்பும் வரை எங்கள் மனையிலேயே நாங்கள் குடியிருந்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி தகர ஷெட்டில். உள்ளே நான், என் கணவர், ஒரு கட்டில், ஒரு அடுப்பு, என் தையல் மெஷின். ஆறாவதாக யாராவது வந்தால் கட்டிலில்தான் உட்கார வேண்டும். ஏழாவதாக வந்தால் ஜன்னலுக்கு வெளியே நின்று பேச வேண்டும்.

ஷெட்டைச் செய்தவர் என் கணவர். பஸ் டிப்போவில் மெக்கானிக் என்பதால், கழற்றவும் நகர்த்தவும் முடியாத எதையும் அவர் செய்வதில்லை. அடியில் இரண்டு நீள இரும்புச் சட்டம். அதன்மேல் பலகைத் தரை. மொத்தமும் செங்கல் அடுக்குகளின்மேல் உட்கார்ந்திருக்கும். நகர்த்த வேண்டுமென்றால் மூலைக்கு மூலை ஜாக்கி வைத்துத் தூக்கி, செங்கலை எடுத்துவிட்டு, குறுக்கே இரும்புக் குழாய்களைப் போட்டு இறக்குவோம். பிறகு தள்ள வேண்டியதுதான். இதில் ஒரு அழகு உண்டு. குழாய் ஓரடி உருண்டால் அதன்மேல் இருக்கும் ஷெட் இரண்டடி நகர்ந்துவிடும். அதனால் குழாய்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கி வெளியே வரும். வந்ததை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடிப் போட வேண்டும். ஓடுவது என் வேலை.

முதலில் ஷெட் சாலையோரம், மனையின் முன்பக்கம் இருந்தது. செங்கல் லாரி உள்ளே வர வழி வேண்டும் என்று மேஸ்திரி சொன்னதால் கிழக்கு மூலைக்கு உருட்டினோம். நான்காம் நாள், பத்து வருஷத் தொழிலில் நான் செய்யாத காரியத்தைச் செய்தேன். ஒருவருடைய கருநீலப் பேண்ட்டைக் கறுப்பு நூலால் முழுக்கத் தைத்துவிட்டேன். அவர் வெயிலுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன பார்டரா? நான் கேக்கவே இல்லியே!"

அன்று மாலைதான் எனக்கு உறைத்தது. வீட்டின் வரைபடத்தில் என் தையல் அறை சரியாக அதே மூலையில் இருந்தது. வரைபடம் போட்டபோது கிழக்கே வெறும் மனை. இப்போது அங்கே மூன்று மாடி. பதினோரு மணி வரை அதன் நிழல் எங்கள் மூலையை விட்டு நகர்வதில்லை. நான் வெட்டுவதும் பொருத்துவதும் காலையில்தான். பல்பு போட்டுக்கொண்டால் ஆகாதா என்றால், ஆகாது. துணி தன்மேல் விழும் வெளிச்சத்திலிருந்துதான் நிறத்தைத் திருப்பி அனுப்புகிறது. மஞ்சள் பல்பின் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. வராத நீலத்தைத் துணி எங்கிருந்து திருப்பி அனுப்பும்? அதனால் கருநீலம் கறுப்பாகவே தெரியும்.

அஸ்திவாரம் தோண்ட ஞாயிறு பத்து மணிக்குப் பொக்லைன் வருவதாக இருந்தது. ஒரு தடவை தோண்டிவிட்டால் ஆயுசு முழுக்க நான் இருட்டில்தான் ஊசி கோர்க்க வேண்டும்.

"உங்க அக்காகிட்ட சொல்லுங்க" என்றேன் கணவரிடம்.

"நானா? பிளானைக் கொஞ்சம் மடிச்சு வெச்சதுக்கே போன வாரம் திட்டு வாங்கினேன். நீயே சொல்லு. உன்மேல அவளுக்குப் பிரியம்."

"அந்தப் பிரியத்தைத்தான் கெடுத்துக்கச் சொல்றீங்க."

வரைபடம் போட்டது அவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பில்டிங் இன்ஜினியர். எங்களுக்காக ஆசையாய் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தது. மேஸ்திரிக்கு அது வேதம்.

ஞாயிறு எட்டு மணிக்கு அண்ணி வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"கிழக்கு ஜன்னல்னா காலை வெளிச்சம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"சூரியனுக்கும் தெரியும் அண்ணி. நடுவுல நிக்கிற மூணு மாடிக்குத்தான் தெரியல."

கணவர் திடீரென்று ஜாக்கிக்கு எண்ணெய் போடப் போய்விட்டார்.

"சுவருக்கு வெள்ளை அடிச்சா பளிச்சுன்னு ஆயிடும்."

"மெஷின்ல கெட்டியாத் தைக்கிறதுக்கு முன்னாடி, லேசா ஓட்டுத் தையல் போட்டு உடுத்திப் பார்ப்போம் அண்ணி. இந்த ஷெட்டை வீட்டோட ஓட்டுத் தையலா நெனச்சுக்குங்க. இந்தாங்க, ஆறு நூல்கண்டு. மூணு கறுப்பு, மூணு கருநீலம். உள்ள உக்காந்து சரியாப் பிரிச்சு வெச்சுட்டீங்கன்னா, நான் வாயைத் திறக்கல."

அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அரை நிமிஷத்தில் பிரித்து வைத்தார். வெளியே கொண்டுவந்து பார்த்தோம். பக்கத்துக்கு இரண்டு தப்பு.

"நூல் மட்டமான நூல்" என்றார். "டேய், நீ வா."

கணவர் ஆறையும் ஒரே பக்கம் வைத்தார்.

"இவன் எப்படித்தான் பஸ்ல ஒயர் மாட்டுறானோ" என்றார் அண்ணி. ஆனால் முகத்தில் யோசனை வந்துவிட்டது. "சரி, எங்க வேணும்ங்கற உனக்கு?"

"முன்னாடி. ஹால் வர்ற இடத்துல."

"அங்க மட்டும் நாளைக்கு எதிர்ல மாடி எழும்பாதா?"

"எழும்பட்டும். நடுவுல சாலை இருக்கே. சாலை மேல யாரு மாடி கட்டுவா?"

அண்ணி சாலையின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டு, ஷெட்டை உருட்டச் சொன்னார். நான் கேஸ் சிலிண்டரையும் தண்ணீர்க் குடத்தையும் இறக்கினேன். அண்ணி மட்டும் இறங்கவில்லை.

"நான் உள்ளயே இருக்கேன். எந்த எடத்துல வெளிச்சம் தெரியுதுன்னு பார்க்கணும்ல?"

"அக்கா, உன் வெயிட்டையும் சேர்த்துத் தள்ளணும்!"

"சின்னதுல உன்னை இடுப்புல வெச்சுத் தூக்கினேனே, வெயிட்டுன்னு சொன்னேனா? தள்ளுடா."

தள்ளினோம். கணவரும் மேஸ்திரியும் பின்னால், நான் குழாயும் கையுமாக முன்னும் பின்னும். அண்ணி ஜன்னலோரம் கையில் இரண்டு நூல்கண்டோடு உட்கார்ந்து, பஸ் கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்துக்கொண்டே வந்தார்.

"போகட்டும்... போகட்டும்... இன்னும் கறுப்புத்தான்... போகட்டும்..."

மாடியின் நிழல் முடியும் கோட்டைத் தாண்டினோம். முன்பக்கம் போனதும் கணவர் ஷெட்டை மெதுவாகத் திருப்பி, ஜன்னலைச் சாலைப் பக்கம் பார்க்க வைத்தார்.

"நிறுத்து! நீலம்! இது நீலம்டா!"

ஏதோ தானே கண்டுபிடித்த நிறம் மாதிரி நூல்கண்டை வெளியே நீட்டிக் காட்டினார். நான் குழாயைக் கீழே போட்டுவிட்டு அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். 

அண்ணி கட்டிலில் வரைபடத்தை விரித்து, 'ஹால்' என்பதை அடித்துத் 'தையல் அறை' என்று எழுதினார். கிழக்கு மூலையில் 'ஹால்'.

"அப்ப ஹால் இருட்டா இருக்குமே" என்றார் கணவர்.

"இருக்கட்டும். உனக்கு டிவி நல்லாத் தெரியும். உங்க வீட்டுக்கு விருந்தாளின்னு வர்றது நான் ஒருத்திதான். நான் எங்க போனாலும் பிரகாசமாத்தான் இருக்கும்."

மேஸ்திரி பழைய சுண்ணாம்புக் கோடுகளைக் காலால் அழித்துப் புதிதாக நூல் பிடித்துக் கோடு போட்டார். அப்போது பொக்லைன் வந்து சேர்ந்தது. ஷெட் சரியாகப் புதுக் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது.

"கொட்டகையை எடுங்கம்மா, வேலையை ஆரம்பிக்கணும்" என்று டிரைவர் கத்தினார்.

கணவர் குழாயை எடுத்தார். ஜன்னலிலிருந்து அண்ணியின் தலை எட்டிப் பார்த்தது.

"டேய், சும்மா ஓரமாத் தள்ளி விட்டுடாதே. அப்படியே சமையலறை வர்ற எடத்துக்கு ஓட்டு. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துடலாம். அப்புறம் படுக்கை ரூம்."

டிரைவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து, கணவருக்குப் பக்கத்தில் தோள் கொடுத்தார்.