பனிக்கரடிக்குப் பக்கத்து நாற்காலி

பேட்டரிப் பெட்டி வாங்கிப் பொருத்திய மறுநாள், காலை பத்து இருபதுக்கு அரசு மின்சாரம் போனது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. குளிர்பெட்டி ஒருமுறை செருமிவிட்டு அடங்கியது. ஆனால் சுவரோரத்து இணையப் பெட்டியின் பச்சை விளக்குகள் நான்கும் அப்படியே எரிந்துகொண்டிருந்தன. காய்கறிக் காசில் மிச்சம் பிடித்துச் செலவழித்த பன்னிரண்டு டாலர் வீண்போகவில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. முன்பெல்லாம், மாதக் கட்டணத்துக்குத் தெருவுக்கே மின்சாரம் விற்கும் ஹில்மியின் ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ள ஒரு நிமிடம், இணையம் உயிர்பெற இன்னும் இரண்டு நிமிடம். அதற்குள் இணையச் சீட்டாட்ட மேசையில் என் கையிலிருந்த சீட்டு தானாக மடங்கிப் போயிருக்கும். அப்படிப் போன நல்ல சீட்டுகளுக்குக் கணக்கே இல்லை. அந்த மூன்று நிமிடத்தில் மேசை எப்படி இருக்கும் என்று அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஆறு நாற்காலிகள். எனக்கு வலப்பக்கத்து நாற்காலியில், ஸ்வீடன் கொடி போட்ட பனிக்கரடி என்ற ஆட்டக்காரனின் பெயர் சாம்பல் நிறமாகி நின்றது. அவனுக்கும் இணைப்பு அறுந்துவிட்டது. ஸ்வீடனிலும் மின்சாரம் போகுமா என்று சிரித்துக்கொண்டேன்.

நான் சூதாடி இல்லை. சொன்னால் இந்த மீனா ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. நான் ஆடுவது என் கணவர் ஃபவாஸுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு நுஹாத் என்பவள் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவள். திரிப்போலியில் ஒரு வங்கியின் கண்ணாடிக்குப் பின்னால் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தேன். வங்கிகள் கதவைச் சாத்திய பிறகு, சொந்தப் பணத்தைக் கேட்டு வந்தவர்களிடம் "இல்லை" என்று சொல்வதற்காகவே ஒரு வருடம் சம்பளம் வாங்கினேன். பிறகு எனக்கும் அதையே சொல்லி அனுப்பினார்கள். வீட்டிலிருந்த கடைசி நகைகளில் ஒன்றை விற்று, நூறு டாலரோடு போக்கர் மேசைக்கு வந்தேன். இரண்டு டாலர் வைத்தால் உட்காரலாம் என்கிற அளவுக்குச் சின்ன மேசை. பந்தயம் ஒரு சென்ட், இரண்டு சென்ட்.

விதி இரண்டே இரண்டு. கையிலிருப்பதில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் எந்த மேசையிலும் வைக்கக் கூடாது. பணமுடை எவ்வளவு கழுத்தை நெரித்தாலும் மூலதனத்தில் கை வைக்கக் கூடாது. விவசாயி பட்டினி கிடந்தாலும் விதைநெல்லைத் தொடமாட்டான் அல்லவா, அப்படி. இருநூற்றைம்பது சேர்ந்தபோது ஐந்து டாலர் மேசைக்குப் போனேன். ஐந்நூறு சேர்ந்தபோது பத்து டாலர் மேசைக்குப் போனேன். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பதை நான் படித்ததோடு நிறுத்தவில்லை, பதினான்கு மாதம் உட்கார்ந்து செய்திருக்கிறேன். ஆயிரத்து இருநூற்றைம்பது சேர்ந்துவிட்டால் இருபத்தைந்து டாலர் மேசை. அங்கே மாதம் இருநூற்றைம்பது வீட்டுச் செலவுக்கு எடுக்கலாம் என்பது என் கணக்கு.

அந்த எண்ணுக்காக ஃபவாஸும் காத்திருந்தார். அவர் ஓட்டும் வாடகைக் காரில் வருவது பெட்ரோலுக்கும் சக்கரத்துக்கும் சரியாகப் போகிறது. கடல் தாண்டி அபிஜான் நகரில் அவருடைய சித்தப்பா மகனுக்குக் கிடங்கு இருக்கிறது. கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இரண்டு வருடம், நடுவில் விடுமுறை கிடையாது. எங்கள் மகள் ஜனாவுக்கு ஆறு வயது. அவளுக்கு எட்டாகும்வரை அப்பா தொலைபேசியில்தான். வியாழன் மதியம் பன்னிரண்டுக்குள் பதில் சொல்ல வேண்டும், அதற்குள் நான் எண்ணைத் தொட்டுவிட்டால் அவர் போகமாட்டார் என்று பேசி வைத்திருந்தோம். அன்று புதன்கிழமை. என் கணக்கில் ஆயிரத்து இருநூற்றுப் பத்து இருந்தது.

பனிக்கரடி எனக்குக் கிடைத்த வரம். அவன் பெயர் ஸ்வீடன் மொழியில் ஏதோ. தேடிப் பார்த்தபோது பனிக்கரடி என்று வந்தது, பின்னால் ஐம்பத்தொன்று என்ற எண். பெயருக்குப் பக்கத்தில் ஸ்வீடன் கொடி. எந்தச் சீட்டு வந்தாலும் விடமாட்டான். நான் பந்தயம் ஏற்றினால் கூடவே வருவான், கடைசிவரை வருவான், தோற்றுவிட்டு அடுத்த ஆட்டத்திலும் வருவான். தினமும் பத்து மணிக்கு அவன் எந்த மேசையில் இருக்கிறான் என்று தேடுவதுதான் என் முதல் வேலை. அவன் பேசிய பிறகு நான் பேச வேண்டும். அதற்கு அவனுடைய இடப்பக்கத்து நாற்காலி காலியாகும்வரை காத்திருந்து உட்காருவேன். அவனைப் பற்றி எனக்கு ஒரு குற்றவுணர்ச்சியும் இருந்ததில்லை. வெளியே பனி, உள்ளே கணப்பு, மடியில் பூனை, அரசு கொடுக்கும் ஓய்வூதியம். பத்து டாலர் போனால் அவனுக்கு மீசையில் ஒரு மயிர் போன மாதிரி.

பதினொன்று பத்துக்கு அரசு மின்சாரம் திரும்பி வந்தது. ஜெனரேட்டரிலிருந்து மாறும் அந்த நொடியில் விளக்கெல்லாம் அணைந்து எரிந்தன. பனிக்கரடி மறுபடி சாம்பலானான். அதே நொடியில் படிக்கட்டு வழியாக இரண்டாம் மாடியிலிருந்து என் மாமனாரின் குரல் வந்தது.

"டேய் ஹில்மி! உன் ஜெனரேட்டர்ல கழுதை மூத்திரம் போக! இப்பத்தான்டா நல்லா வந்துச்சு!"

அவர் ஹில்மியைத் திட்டுவது எங்கள் கட்டடத்தில் தொழுகை அழைப்பு மாதிரி நேரம் தவறாதது. ஆனால் என்ன நல்லா வந்தது என்று அன்றுதான் யோசித்தேன். கைபேசியில் மேசையைத் திறந்து வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனேன். வாசலில் இரும்பு அலமாரி, அதற்குள் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மின்தடைப் பொத்தான். பூட்டு பேருக்குத்தான். பனிக்கரடிக்கு அப்போதுதான் புதுச் சீட்டு வந்திருந்தது, யோசித்துக்கொண்டிருந்தான். நான் இரண்டாம் மாடிப் பொத்தானைக் கீழே தள்ளினேன். பெயர் சாம்பலானது. மேலே தூக்கிவிட்டேன். இரண்டு நிமிடம் கழித்துப் பெயர் வெளுத்து வந்தது. கட்டடமே அதிர ஹில்மியின் தாய்வழிச் சொந்தம் முழுவதும் இழுக்கப்பட்டது. நான் அந்த அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழக்கூடத் தோன்றவில்லை.

மேலே வந்து, ஆட்டக் கணக்கு வைக்கும் மென்பொருளைத் திறந்தேன். யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்று அது பிரித்துச் சொல்லும். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. லாபக் கோடு ஏறுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள். மொத்த லாபம் ஆயிரத்து நூற்றுப் பத்து. அதில் பனிக்கரடியிடமிருந்து ஆயிரத்து நான்கு. மீதி உலகம் முழுவதிலிருந்தும் பதினான்கு மாதத்தில் எனக்கு வந்தது நூற்றாறு டாலர். மாதம் ஏழரை. அவரை எடுத்துவிட்டால் நான் ஆட்டக்காரியே இல்லை.

அதோடு நிற்கவில்லை. ஃபவாஸின் அக்கா ராந்தா ஸ்வீடனில் இருக்கிறாள். அப்பாவுக்கு மாதம் இருநூறு அனுப்பிக்கொண்டிருந்தவள் பதிமூன்று மாதமாக நூறுதான் அனுப்புகிறாள். மாமனாரின் இருதய மாத்திரையும் இரண்டாம் மாடி ஜெனரேட்டர் கட்டணமும் அதன்பிறகு எங்கள் தலையில் விழுந்தன. அந்தச் சுமை தாங்காமல்தான் அபிஜான் பேச்சே வந்தது. "ஸ்வீடன்ல காசு மழையாக் கொட்டுது, அப்பனுக்கு மட்டும் தூறல்" என்று ராந்தாவை நான் பேசாத பேச்சில்லை. இப்போது புரிந்தது. மற்ற நூறு டாலரும் ராந்தாவிடமிருந்து அவருடைய சீட்டுக் கணக்குக்கு வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டாம் மாடிக்குப் போகாமல் மேசைக்குப் போய், கம்பெனிக்காரன் தன் பங்கைக் கிள்ளிக்கொண்டு, நாலாம் மாடியில் என்னிடம் வந்திருக்கிறது. சும்மா இருந்திருந்தால் கையில் கொடுத்திருப்பார்கள். அதைத்தான் நான் பதினான்கு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு சம்பாதித்தேன்.

காப்பி போட்டு எடுத்துக்கொண்டு கீழே போனேன். என்னைக் கண்டதும் அவர் மடியிலிருந்த பலகைக் கணினியைச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினார். துறைமுகத்தில் முப்பது வருடம் படகு எஞ்சின் பழுது பார்த்த கை. அந்தக் கைக்கு ஒளித்து வைக்கத் தெரியவில்லை.

"என்ன மாமா, பகடையா?"

"பகடைக்கு எதிர்ல ஆள் வேணுமே மகளே. நம்ம ஆளுங்க பாதிப் பேர் ஜெர்மனில இருக்கானுங்க, பாதிப் பேர் மண்ணுக்குள்ள இருக்கானுங்க." காப்பியை வாங்கிக்கொண்டார். பிறகு செய்தித்தாளை விலக்கினார். "சீட்டுதான். ராந்தா பையன் அங்கேருந்தே கணக்குத் தொறந்து குடுத்தான். சில்லறைக்கு ஆடுறேன். ஃபவாஸ்கிட்ட சொல்லிடாத, வெக்கக்கேடு."

"யார்கூட ஆடுவீங்க?"

"யார் யாரோ வருவானுங்க. ஆனா ஒருத்தன் இருக்கான் பாரு." அவர் முகமே மாறிவிட்டது. "லைமூன்னு பேர் வச்சிருக்கான். பேருக்குப் பக்கத்துல நம்ம கொடி. நம்ம ஊர்க்காரன். தெனம் பத்து மணிக்கு டாண்ணு வந்துடுவான். நான் எங்க உக்காந்தாலும் தேடிக்கிட்டு வந்து என் பக்கத்துலயே உக்காருவான். மேசை மாறிப் போனாலும் பின்னாலயே வருவான். அவ்வளவு பிரியம்."

லைமூன் நான். கோப்பைத் தட்டைத் தரையில் வைத்துவிட்டேன்.

"ஜெயிக்கிறது யாரு?"

"அவன்தான். ஜெயிக்கட்டுமே. பாவம், அவனுக்கும் யாரும் இல்ல போலருக்கு. தெனம் காலைல வணக்கம் எழுதுறேன், ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்ல. ஊமையோ என்னவோ. ஆனா வந்துடுறான் பாரு."

பேச்சு கவனத்தைக் கெடுக்கும் என்று அந்தப் பேச்சுக் கட்டத்தை முதல் நாளே மூடி வைத்தவள் நான்.

"அவன் பந்தயம் ஏத்துறப்ப சீட்டை மடிச்சு வெச்சுட வேண்டியதுதானே மாமா?"

"நல்லாருக்கே! ஒருத்தன் கூப்பிடுறான், மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறதா? வாசலுக்கு வந்தவனைக் காப்பி குடுக்காம அனுப்புவியா நீ?"

அவர் தோற்றதெல்லாம் ஆட்டம் தெரியாமல் அல்ல, மரியாதைக்காக. அந்த மரியாதையைத்தான் நான் பலவீனம் என்று குறித்துவைத்து, தினமும் போய் அறுத்துக்கொண்டு வந்தேன்.

ஃபவாஸ் மதியம் சாப்பிட வந்தபோது பருப்புச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் முதலில் எண்ணைத்தான் கேட்டார். ஆயிரத்து இருநூற்றுப் பத்து என்றேன். நாற்பதுதானே, நாளைக்குப் பன்னிரண்டு மணிவரைக்கும் நேரம் இருக்கிறதே என்று சந்தோஷமாகச் சாப்பிட்டார். நாளைக்குக் காலையில் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் அந்த நாற்பதை எடுக்க எனக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. இரண்டு நல்ல சீட்டு வந்தால் போதும், அவர் மரியாதை தவறாமல் கொடுத்துவிடுவார்.

"அபிஜானுக்கு வர்றேன்னு சொல்லிடு," என்றேன்.

கரண்டி பாதியில் நின்றது. "தோத்துட்டியா?"

"இல்ல. ஜெயிச்சுட்டுதான் இருந்தேன்."

"அப்புறம் என்ன? என்னைத் தள்ளிவிடுறதுல அவ்வளவு அவசரமா?"

"என் கணக்கு தப்பு, ஃபவாஸ். அது சம்பாத்தியமே இல்ல. இதுக்கு மேல கேக்காத."

அவர் கேட்கவில்லை. அதுதான் அவர் குணம். பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினார். சொல்லியிருந்தால் அந்த நூறு இரண்டாம் மாடிக்கே திரும்பியிருக்கும், அபிஜான் வேண்டியிருக்காது; ஆனால் கீழே போய்த் தகப்பனோடு சண்டை போட்டிருப்பார்; கிழவருக்கு இருந்த ஒரே துணையும் போயிருக்கும், அந்தத் துணை யார் என்ற அவமானமும் சேர்ந்திருக்கும். சொல்லாவிட்டால் புருஷன் போகிறார். எந்தப் பக்கம் வெட்டினாலும் என் விரல்தான். அன்று முழுவதும் அவர் ஜனாவைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

வியாழன் காலை, பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்திலிருந்து போன் செய்துவிடுவதாகச் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். பத்து மணி ஆனதும் என் கை வழக்கம்போல மடிக்கணினிக்குப் போனது. மூடி வைத்தேன். கீழே போய், ஒரு நாற்காலியை இழுத்து மாமனாருக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். அவர் இந்தமுறை ஒளிக்கவில்லை. நான் பார்ப்பதற்குத் தோதாகப் பலகையைக் கொஞ்சம் சாய்த்தார்.

மேசையில் ஐந்து பேர் இருந்தார்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலி.

"இன்னிக்கு ஏன் காணோம்," என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து பதினைந்து. "ஒடம்பு கிடம்பு சரியில்லையோ."

பத்தே முக்காலுக்கு அவருக்கு இரண்டு ராஜா வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி முழங்கையால் என்னை இடித்தார். நடுவில் ஒவ்வொன்றாகச் சீட்டு திறந்தது, திறந்த ஐந்தில் நான்கு ஹார்ட்டின். அவர் கையில் ஹார்ட்டினே இல்லை. பிரேசில் கொடி போட்ட ஒருவன், அதுவரை வாயே திறக்காதவன், இருந்த பணம் முழுவதையும் நடுவில் தள்ளினான். மாமனார் முன்னால் இருந்தது ஒன்பது டாலர் சில்லறை. அவர் யோசிக்கவே இல்லை, வருகிறேன் என்ற பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

"விட்டுடுங்க மாமா," என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. "அவன் கையில ஒரு ஹார்ட்டின் இருக்கு, அஞ்சு சேர்ந்துடுச்சு. இல்லாம முழுசாத் தள்ளமாட்டான். இந்த எடத்துல ராஜாவுக்கு மதிப்பே கெடையாது."

விரல் நின்றது. கணக்கு எழுதும் மருமகளை அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். பிறகு பலகையில் தன் பெயருக்கு இடப்பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை. கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். நான் தலையைக் குனியக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். மேசையில் அவருக்குக் கொடுத்திருந்த பதினைந்து நொடி பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவப்பாகிக் குறைந்துகொண்டிருந்தது.