மூன்றாம் கியரில் மட்டும்

மாமனாரின் பழைய லாரிக்கு ஒரு கெட்ட பழக்கம். முதல் கியரில் சாது, இரண்டாவதில் பரம சாது. மூன்றாவது விழுந்ததும் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனக ஆரம்பித்துவிடும்.

மருமகன் ஊரறிந்த மெக்கானிக். கியர் பாக்ஸை ஏற்கெனவே இரண்டு தடவை இறக்கி, பிரித்து மேய்ந்தாயிற்று. இரண்டு தடவையும் உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. மட்டமான சாமானை விற்ற கடைக்காரனை வாயார வைதுவிட்டுப் புதிது போட்டார். அவர் ஓட்டிப் பார்த்தபோது லாரி வாயே திறக்கவில்லை. மாமனார் வாங்கிக்கொண்டு போன சில நாளிலேயே பழைய பாட்டு.

"இந்தத் தடவையும் சரியாகலேன்னா எதிர்ப் பட்டறையில விட்டுருவேன் மாப்ளே. தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் மாமனார்.

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்? சொந்த மாமனாரின் லாரி எதிர்ப் பட்டறை வாசலில் நின்றால், அப்புறம் இந்தப் பட்டறைக்கு எந்தப் புண்ணியவான் வண்டியைக் கொண்டுவருவான்? மானம் கப்பலேறிவிடும்.

ஆகவே இம்முறை மாமனாரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். காலடியில் கியர் பாக்ஸை மூடியிருந்த தரை மூடியைக் கழற்றினார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை கியர் பாக்ஸ் மேல் ஊன்றி, சத்தம் எங்கே என்று கேட்கப் பிடியைக் காதில் வைத்துக் குனிந்தார். மூன்றாவது விழுந்தது, முனகல் கேட்டது. தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார்.

கியர் போட்ட கை ராடை விட்டு இறங்கவே இல்லை. முழுப் பாரத்தோடு அதன் தலையில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பாரம்தான் உள்ளே ஃபோர்க்கைச் சுழலும் கியரோடு உரசவைத்துக்கொண்டிருந்தது. பாவம், சாமான் கடைக்காரன்! அவனை எவ்வளவு திட்டியாயிற்று.

சரி, கண்டுபிடித்தாயிற்று. சொல்வது யார்? தலை நரைக்கும்வரை லாரி ஓட்டியவரிடம் உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று எந்த மருமகன் சொல்வான்?

"மாமா, இந்த டார்ச்சக் கொஞ்சம் பிடிங்க."

கை இறங்கியது. முனகல் நின்றது.

"அட! என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல மாமா. நீங்கதான்... கைய கியர் மேலயே வச்சிருக்கீங்க."

"என் கையா?"

மாமனாரின் முகம் சிவந்தது. திட்டு வரப்போகிறதென்று மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. மாமனார் மருமகனின் ஸீட்டைப் பார்த்தார்.

"நீங்க உக்காந்திருக்கிற எடத்துலதான் உங்க அத்தை உக்காருவா. ரோடு நேரா இருந்தா என் கை அவ கையிலதான் இருக்கும். அவ போனதுக்கப்புறம் அத எங்க வைக்கிறதுன்னே தெரியல மாப்ளே."

மருமகன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நீட்டினார்.

"ஒரே கிரீஸா இருக்கே," என்று முகம் சுளித்தார் மாமனார். டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையை மருமகன் கையில் வைத்தார்.

மேடு வந்தது. இரண்டாவது கியருக்கு மாற்றியிருக்க வேண்டும்; மாமனார் கையை எடுக்கவில்லை. என்ஜின் மூச்சுத் திணறியது. யார் வண்டி இப்படித் திணறினாலும் தெருவிலேயே நின்று கத்துகிற மெக்கானிக், ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.