இடது கைக்காரர்களிடம் ஒரு கேள்வி

எங்கள் கடம்பத்தூர்ப் பள்ளியில் இன்ஸ்பெக்ஷனுக்கு என்று ஒரு வித்தை உண்டு. கேள்வி கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. டீச்சர் வலது கையைப் பார்த்துக் கேட்டால் போதும், வந்த அதிகாரி பூரித்துப் போவார். இதற்கு ஒத்திகை வேறு.

எழுபத்தொன்றில் எனக்கு மெட்ராஸில் எம்.எட். இடம் கிடைத்தது. எதை எப்போது, எந்த வரிசையில் சொல்லித்தர வேண்டும், மற்ற ஆசிரியர்களை எப்படி வழிநடத்த வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் வரும். நாளைக்கு நானும் தலைமையாசிரியை ஆகலாம். படிப்பு லீவுக்குத் தலைமையாசிரியர் ராமபத்ரன் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஸ்பெக்ஷன் நல்லபடியாக முடியட்டும், போடுகிறேன் என்றார். கூடவே, "உங்களுக்கெல்லாம் எதுக்கும்மா எம்.எட்.?" என்றும் கேட்டார். அந்த ‘உங்களுக்கெல்லாம்’ யார் யார் என்று எனக்குத் தெரியாதா? சேரியிலிருந்து படித்து வந்தவர்கள்.

இன்ஸ்பெக்ஷன் அன்று ஆறாம் வகுப்பு, பின்னம். மாவட்டக் கல்வி அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், பக்கத்தில் ராமபத்ரன். மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா என்று கேட்டேன். வகுப்பு முழுக்கக் கை.

இடது கையைத் தூக்கியிருந்த சின்னப்பொண்ணுவை எழுப்பினேன். ஒப்பந்தத்தை மீறிவிட்டேனே என்பது போலப் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

"நாலுதான் டீச்சர். மூணவிட நாலு பெருசுல்ல?"

ஆமாம் என்று பாதி வகுப்பு தலையாட்டியது, வலது கைக்காரர்களும் சேர்த்துத்தான். விடையை உருப்போட்டிருந்தார்களே தவிர ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு களி உருண்டையை மூன்று பேர் பிட்டுக்கொண்டால் ஆளுக்கு அதிகம் வருமா, நான்கு பேர் பிட்டுக்கொண்டால் வருமா என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். சின்னப்பொண்ணு யோசித்தாள். "அப்ப மூணு பேர்னாதான் டீச்சர் நெறைய வரும்," என்றாள். கரும்பலகையில் அதை எழுதும்போது மணி அடித்துவிட்டது.

மாணவர் நிலை மிகவும் பின்தங்கியுள்ளது என்று எழுதிவிட்டுப் போனார் அதிகாரி. உண்மைதானே! இத்தனை வருஷமாக யாரும் எழுதவில்லை என்பதுதான் கேவலம்.

ராமபத்ரன் அறைக்குக் கூப்பிட்டு, பள்ளியின் மானத்தை வாங்கிவிட்டேன் என்று கத்தினார். லீவு கிடையாது, இந்த ஜன்மத்தில் கிடையாது என்றார். அவர் மேஜையிலிருந்தே ஒரு தாளை எடுத்து, நின்றபடியே ராஜினாமா எழுதினேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. குரல் இறங்கியது.

"வேலைய விட்டுட்டுச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே மேரி?"

"எங்கம்மா நாத்து நட்டுத்தான் என்னை பி.டி. வரைக்கும் படிக்க வெச்சாங்க சார். எம்.எட்.டுக்கு நானே நட்டுக்கினு படிக்கிறேன்."