தப்பாகப் போட்ட நாடகம்

என் அக்கா சண்முகத்தாய் ஸ்டவ் வெடித்துச் செத்துப்போனாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு பெண் தீயில் கருகினால் அதற்கு ஸ்டவ் வெடித்தது என்று பெயர். ஆலங்குளத்துக்குக் கட்டிக்கொடுத்த ஒன்றரை வருஷத்தில், 1987இல் அது நடந்தது. அதோடு எங்கள் வீட்டில் அவள் பேச்சும் நின்றுவிட்டது.

நான் ராஜபாளையத்தில் பி.எஸ்சி. படித்தபோது ஒரு நவீன நாடகக் குழு கல்லூரிக்கு வந்தது. மேடை இல்லை, திரை இல்லை. கறுப்புச் சட்டை போட்ட ஆறு பேர் வேப்பமரத்தடியில் நின்று நடித்தார்கள். சாதிக்கொரு டம்ளர், கூலி கேட்டு அடிவாங்கியவன், கள்ளிப்பால் கொடுத்துக் கொன்ற பெண் குழந்தை என்று ஊர் வாயே திறக்காத விஷயங்கள். எனக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. அவர்கள் சுற்றுவட்டாரத்தில் எங்கே போட்டாலும் போய் நின்றேன். அழுதுகொண்டே ரசித்தேன். இந்தச் சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

கூடப் படித்த சந்தனமேரி ஒரே ஒரு தடவை வந்தாள். "பாட்டு இல்ல, சிரிப்பு இல்ல. துட்டி வீட்டுக்குப் போன மாதிரில்லா இருக்கு. இத ரெண்டாந்தரம் வேற பாப்பியாட்டி?" என்றாள். பிறகு தனியாகத்தான் போனேன். நாடகம் முடிந்ததும் பார்த்தவர்களைப் பேசச் சொல்வார்கள். நான் ஒரு நாளும் எழுந்ததில்லை. பேசாமல் கலைந்து போகிறவர்களைக் கோழைகள் என்று மனசுக்குள் திட்டுவதில் மட்டும் எனக்குக் குறைச்சல் இல்லை.

அவர்கள் புதிதாகப் போட்ட நாடகத்தில் ஸ்டவ் வெடித்துச் செத்தவள் எழுந்து வந்து, "ஸ்டவ் வெடிக்கலை. என்னைக் கொளுத்துனாங்க" என்றாள். எல்லாரும் நிறுத்திய பிறகும் நான் கை தட்டிக்கொண்டிருந்தேன். அம்மா இதைப் பார்க்க வேண்டும். பார்த்தால் அக்காவைப் பற்றி என்னோடு ஒரு வார்த்தையாவது பேசுவாள். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

அடுத்த மாதம் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தேரடிப் பக்கம் போட்டார்கள். "நாடகம்" என்று மட்டும் சொல்லி அம்மாவை அழைத்துப் போனேன். சாமி நாடகம் என்று நினைத்து அம்மா தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். செத்தவள் எழுந்து பேசியபோது நான் அம்மாவின் முகத்தையே பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது பொறுக்கமாட்டாமல், "எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன்.

"தப்பாப் போட்டுட்டாவட்டி."

"என்ன தப்பு?"

"ஸ்டவ்வக் கொண்டாந்து நடுவுல வச்சாவல்லா? அந்த வீட்டுல ஏது ஸ்டவ்வு? அம்புட்டும் வெறகடுப்புதான."

நான் நின்றுவிட்டேன். அம்மா நிற்கவில்லை.

"போலீஸ்காரவிய ஸ்டவ்வுன்னு எழுதுனாவ. உன்னப் பெத்த ஐயா கையெழுத்துப் போட்டாவ. நானும் பக்கத்துலதான் நின்னேன். உன்னையும் ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும்லா."

நாலு வருஷமாக நான் ஏங்கிய பேச்சு அதுதான். கேட்ட பிறகு அம்மாவோடு சேர்ந்து நடக்க எனக்குக் கால் எழவில்லை.