வியாழக்கிழமைக் குடுவைகள்

அந்தக் கடிதத்தை வாசித்தபோது கூட்ட அறையின் மின்விசிறி நின்றுபோயிருந்தது என்று ஒரு தடவை சொன்னாள். இன்னொரு தடவை, விசிறிச் சத்தத்தில் பாதி வார்த்தை காதில் விழவில்லை என்றாள். எது சரி என்று எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பயந்துபோன மனசு எதை எடுத்து வைத்துக்கொள்ளும், எதைக் கீழே போடும் என்று யாரால் சொல்ல முடியும்? கேட்டதைத் திரும்பச் சொல்கையில் நானும் ஒன்றிரண்டை இடம் மாற்றியிருக்கலாம். ஆனால் அது வியாழக்கிழமை, மணி மூன்றரை, அவள் கதவோரத்துக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

அவள் ஒரு பல்கலைக்கழகத்தின் பாசி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள். ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. மூன்றாவது மாடியில், படிக்கட்டை ஒட்டி, இரண்டு தொட்டிகளும் ஒரு உலர்த்தும் அடுப்பும் உள்ள சின்ன அறை அவளுடையது. அதற்கு முன் ஒன்பது வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தாள். அங்கே "தெரியல" என்று யாராவது சொன்னால் வசவு விழும். எல்லாவற்றுக்கும் ஒரு எண் வேண்டும், அந்த எண் மாலை ஆறு மணிக்குள் வேண்டும். இங்கே வந்த முதல் மாதம், பேராசிரியர் அம்மா ஒரு படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியலையே!" என்று சிரித்ததைக் கழுவும் அறை வாசலிலிருந்து பார்த்தாள். தெரியாததைச் சொல்லி ஒருத்தர் இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்துதான் அந்த இடம் அவளைப் பிடித்துக்கொண்டது.

"பாத்திரம் கழுவுறதுக்குப் பல்கலைக்கழகம் கேக்குதா உனக்கு?" என்று புருஷன் கிண்டல் செய்வான். அவன் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவன். "பழைய இடத்துலயாவது பக்கத்துல பஸ் இருந்துச்சு."

"அங்க எனக்குப் பேச்சுத் துணை இல்ல."

"இங்க மட்டும்? பாசிகூடப் பேசுறியா?"

பதில் சொல்லமாட்டாள். சொன்னால் சிரிப்பான். வியாழக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் ஆய்வு மாணவர்கள் தாங்கள் செய்ததைச் சொல்வார்கள், மற்றவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். ஒருநாள் தேநீர்க் கோப்பைகளை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். "உக்காருங்களேன்" என்றார் பேராசிரியர் அம்மா. அவ்வளவுதான். இரண்டு வருஷம் மூன்று மாதமாக ஒரு வியாழன் தவறவிட்டதில்லை.

கடிதம் வேறொரு நாட்டின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்தது. ஐந்தாம் வருஷ மாணவி ஒருத்தியின் கண்டுபிடிப்பைப் பற்றி. அந்தப் பெண்ணை இவள் "அரை டாக்டர்" என்று கூப்பிடுவாள். அவள் இவளை அக்கா என்பாள். பாசி வளர பாஸ்பேட் என்ற உப்பு வேண்டும். அது இல்லாத தண்ணீரில் எந்தப் பாசியும் நாலு நாளில் வெளுத்துச் செத்துவிடும். ஆனால் அரை டாக்டர் ஒரு மலைச் சுனையிலிருந்து எடுத்துவந்த பாசி மட்டும் சாகவில்லை. பட்டினியிலும் பச்சென்று வளர்ந்தது. அதைப் பற்றி ஒரு கட்டுரை அச்சாகிவிட்டது. ஆய்வேடே அதன்மேல்தான் நிற்கிறது. இப்போது அந்தக் கடிதம் மரியாதையாகச் சொன்னது: அதே பாசியை நாங்களும் வளர்த்துப் பார்த்தோம், மூன்று முறையும் செத்துவிட்டது.

"எங்கேர்ந்தாவது பாஸ்பேட் உள்ள வருதா?" பேராசிரியர் அம்மா விரல் மடக்கினார். "தண்ணி?"

"பரிசோதிச்சாச்சு மேடம்."

"மத்த உப்புங்க?"

"புதுசா வாங்கிப் பாத்தாச்சு."

"குடுவை?"

"அது அக்கா பாத்துக்கறாங்க மேடம். அதுல பிரச்சினையே வராது." அரை டாக்டர் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியர் அம்மா அடுத்த விரலை மடக்கினார்.

அந்தச் சிரிப்பில் அவள் மட்டும் சேரவில்லை. சோப்புப் போட்டபின் ஒவ்வொரு குடுவையையும் சுத்திகரித்த தண்ணீரில் ஏழு முறை அலச வேண்டும். எல்லா நாளும் ஏழுதான், வியாழன் தவிர. அந்தக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். ஏழு அலசினால் மூன்று மணிக் கூட்டத்துக்குப் போக முடியாது. அதனால் வியாழக்கிழமை மூன்றே அலசல். யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது, பளிச்சென்றுதானே இருக்கிறது. அரை டாக்டர், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சாதாரணப் பாசியையும் சுனைப் பாசியையும் ஒரே நாளில் திறக்கமாட்டாள், ஒன்றில் ஒன்று கலந்துவிடும் என்று. சாதாரணப் பாசிக்குச் செவ்வாய். சுனைப் பாசிக்கு வெள்ளி. வெள்ளிக்கிழமை எடுப்பதெல்லாம் வியாழன் கழுவிய குடுவைகள்.

கூட்டம் முடிந்ததும் கழுவும் அறைக்கு வந்து சோப்பு டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம், பொடி எழுத்தில், நாலாவது வரியில் பாஸ்பேட் என்ற அந்த வார்த்தை இருந்தது. கூட்டத்தில் உட்கார்ந்திராவிட்டால் அது அவளுக்கு வெறும் எழுத்தாகவே இருந்திருக்கும். டப்பாவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். கை ஈரத்தில் வழுக்கியது.

நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பயம் என்றால் ஏதோ நெஞ்சு அடித்துக்கொள்வது என்று நினைத்திருந்தாள். இது அப்படியில்லை. சாப்பிடும்போது சோறு தொண்டையில் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு இறங்கியது. மாடிப்படியில் யாராவது "அக்கா" என்றால் காதில் விழாத மாதிரி இறங்கிப் போனாள். வேலை போய்விடும் என்பது ஒரு பக்கம். அந்தக் கதவோர நாற்காலி போய்விடும் என்பதுதான் பெரிய பக்கம். அதற்கும் பின்னால், அவள் பார்க்கவே அஞ்சியது: அரை டாக்டரின் ஐந்து வருஷம்.

"என்னடி, பேயடிச்ச மாதிரி இருக்க?" என்றான் புருஷன்.

"ஒண்ணுமில்ல."

"உன் பாசி செத்துப்போச்சா?"

அவள் எழுந்து போய்க் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் வெளியே நின்று, "ஏய், சும்மா சொன்னேன்டி" என்று இரண்டு முறை சொன்னது கேட்டது.

திங்கட்கிழமை பேராசிரியர் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். "நம்ம பாசி, நம்ம உப்பு, நம்ம குடுவை, எல்லாத்தையும் அனுப்பி வெச்சிடலாம். அவங்க ஊர்ல எது தப்புன்னு அப்பத் தெரிஞ்சிடும்." கழுவும் அறையை எட்டிப் பார்த்து, "ரெண்டு டஜன் குடுவை வேணும்மா. எப்பவும் கழுவுற மாதிரியே கழுவிடுங்க" என்றார்.

எப்பவும் மாதிரி. எந்த எப்பவும்?

மதியம் அரை டாக்டர் குடுவைகளை அடுக்கிக் கட்டப் பஞ்சோடும் அட்டைப் பெட்டியோடும் வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். "அக்கா, இது மட்டும் சரியா வந்துட்டா உங்களுக்குக் கோயிலே கட்டுவேன்" என்றாள்.

அப்போதுதான் அவள் வியாழக்கிழமை அலசலைச் சொன்னாள். குனிந்து, தொட்டியைப் பார்த்தபடி, நாலே வாக்கியத்தில். அரை டாக்டர் பஞ்சுச் சுருளைப் பிரிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"எல்லா வியாழனுமா?"

"எல்லா வியாழனும்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

அரை டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். "அப்ப கழுவுங்கக்கா" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

முதல் குடுவையை எடுத்துச் சோப்புப் போட்டாள். ஒரு அலசல். இரண்டு. மூன்று.

"போதும்க்கா."

மெல்லத்தான் சொன்னாள். கெஞ்சலா, கட்டளையா என்று பிரித்தறிய முடியவில்லை. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. குடுவை கையில் கனத்தது. வெளியே இரண்டு பேர் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். இந்தக் குடுவையை இப்படியே கவிழ்த்து வைத்தால் கடல் தாண்டிப் போய் அங்கேயும் பாசி பச்சென்று வளரும். இந்தப் பெண் டாக்டராகிவிடுவாள். நாற்காலி நாற்காலியாகவே இருக்கும். ஆனால் அதில் உட்கார்ந்து இனி எதைக் கேட்பது? யாராவது "எனக்குத் தெரியலையே" என்று சிரித்தால், எனக்குத் தெரியுமே என்று இருப்பதா?

அவள் குடுவையை மறுபடி குழாயடியில் பிடித்தாள். விளிம்பு குழாயில் தட்டியது.

"நாலு" என்றாள், வாய்விட்டு.

ஆறாவது அலசலில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சாத்தும் சத்தம் கேட்கவில்லை.

இருபத்து நாலு குடுவைகளையும் முடித்து அடுப்பில் வைத்துவிட்டுப் பேராசிரியர் அம்மாவின் அறைக்குப் போனாள். நின்றுகொண்டே சொன்னாள். அவர் நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மேசைமேல் அந்தக் கட்டுரையின் பிரதி கிடந்தது. அதன் ஓரத்தை நகத்தால் மடித்து, நிமிர்த்தி, மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?"

"மூணு மணிக்குக் கூட்டம் ஆரம்பிச்சிடுவீங்க மேடம். கேக்கணும்னு ஆசை."

அவர் பிரதியை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "கூட்டத்த நாலு மணிக்கு வைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"கழுவுறவ சொன்னா வெப்பீங்களா மேடம்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்த மூன்றாவது மாடியில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. பேராசிரியர் அம்மா அவளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "எனக்குத் தெரியலையே" என்று இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் சுனைப் பாசியை நன்றாக அலசிய குடுவையில் வளர்த்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாளே வெளுக்க ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் அடியில் சாம்பல் மாதிரி படிந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அரை டாக்டர் வேறு தலைப்பு எடுத்துக்கொண்டு இன்னும் மூன்று வருஷம் உழைத்துப் பட்டம் வாங்கினாள். இப்போது ஒரு நகரத்தின் குடிநீர் வாரியத்தில் இருக்கிறாள். கழுவும் அறை வாசலில் அதன்பின் அவள் நின்றதில்லை. ஒருமுறை படிக்கட்டில் எதிரே வந்தபோது, "சாப்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். பேராசிரியர் அம்மா ஓய்வு பெற்று மகள் வீட்டோடு இருக்கிறார். அந்த அறைக்குக் கழுவும் இயந்திரம் வந்துவிட்டது. அவளுடைய ஒப்பந்தம் அந்த வருஷத்தோடு முடிந்தது. யாரும் போகச் சொல்லவில்லை, புதுப்பிக்கவும் இல்லை. இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் புட்டிகளுக்கு மூடி போடும் பிரிவில் இருக்கிறாள். புருஷனுக்கு மூட்டு வலி. ஆனாலும் கடைக்குப் போகிறான்.

போன மாதம் அவனுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ் பல்கலைக்கழக வாசலில் நின்றது. அவள் எழுந்துவிட்டாள். கம்பியைப் பிடித்தபடி இரண்டு படி இறங்கினாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே புளிய மரங்களுக்கு நடுவில் இளம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று இங்கிருந்து கேட்கவில்லை.

"எறங்குறீங்களா, இல்லையாம்மா?" என்றான் பின்னால் நின்றவன்.